மாட்டுங்காவில் ஒரு ஃப்ளான்

ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரர்களின் ஃப்ளான் என்ற முட்டை-பால் புட்டிங் செய்தேன். அங்கே கண்டென்ஸ்டு மில்க்கோடு எவாபரேட்டட் மில்க்கும் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்) ஒரு டப்பா ஊற்றுவார்கள். இரண்டாவது டப்பா மும்பையில் எங்கள் மாட்டுங்கா கடைகளில் அகப்படவில்லை. சரி, பால்கோவா கிளறின கைதானே? முக்கால் லிட்டர் பாலை 350 மில்லியாகச் சுண்டவிட்டு ஆறவைத்தேன்.

அச்சின் அடியில் ஊற்ற உருக்கிய சர்க்கரைதான் படுத்தியது. முதல் தடவை ஃபோனை எடுக்கப் போன நேரத்தில் கருகிக் கசந்தது. அடுத்த தடவை அடுப்பை விட்டு நகரவில்லை. தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறம் வந்ததும் அச்சில் ஊற்றிச் சுழற்றினேன். ஆறும்போது படபடவென்று வெடித்தது, பயந்துவிட்டேன்.

நான்கு முட்டையை நுரை வராமல் இரண்டு பாலோடும் கலந்து, வெனிலா விட்டு, வடிகட்டினேன். நுரை இருந்தால் உள்ளே இட்லி மாதிரி ஓட்டை விழும். வெந்நீர்த் தட்டில் அச்சை வைத்து ஓவனில் 170 டிகிரி, 50 நிமிடம். இந்தத் தண்ணீர்க் குளியலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பான்யோ மரியா’. சூடு மெதுவாக ஏறுவதால் முட்டை திரியாது. நடுப்பகுதி மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிட்டேன்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் கவிழ்த்தால் ஓரத்தில் ஒரு விரிசல். முட்டை வாசனையே ஆகாத அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “சீம்பால் மாதிரி இருக்குடி” என்று தட்டை நீட்டினார்.