கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு வீட்டுக் கிரேவி

சிங்கப்பூரில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி வைப்பது இப்போது பெரிய காரியமே இல்லை. ஹோட்டல்கள், பேக்கரிகள், பேரங்காடிகள் எல்லாம் பண்டிகைக்கு வெகு முன்பே முன்பதிவைத் தொடங்கிவிடுகின்றன. முழுப் பறவை நுழையும் அளவுக்கு ஓவன் இல்லாத வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்காரர்கள்கூட, ரோஸ்ட் செய்து பெட்டியில் அடைத்த வான்கோழியை 24ஆம் தேதி மாலையில் போய் எடுத்து வந்துவிடலாம். அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன டப்பாவில் கிரேவியும் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையில் அது முதல் சுற்றுக்கே போதாது. போதுமான அளவு இருந்தாலும், பெரும்பாலும் உப்பையும் சோளமாவையும் தவிர வேறு ருசி அதில் தெரிவதில்லை. வான்கோழியைக் கடையில் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, கிரேவியை மட்டும் வீட்டில் செய்யுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்லி வருகிறேன்.

வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. பறவையின் தடித்த பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் பாதுகாப்பாக உண்ணலாம் என்பது பொதுவான விதி. அதைத் தாண்டிச் சூடு ஏற ஏற நெஞ்சுக்கறி ஈரத்தை இழந்துகொண்டே போகும். கடையில் வெந்து, பெட்டியில் பயணம் செய்து, வீட்டில் மறுபடியும் சூடேறும் கறி எந்த நிலையில் தட்டுக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இழந்த ஈரத்தையும் கொழுப்பையும் திருப்பிக் கொடுப்பது கிரேவியின் வேலை. அதனால்தான் அதை ஓரத்து டப்பாவுக்கு விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

மேலைநாட்டுச் செய்முறைகள் பலவும் வான்கோழி வெந்த தட்டில் வடிந்து கிடக்கும் சாற்றிலிருந்தே கிரேவியைத் தொடங்கச் சொல்கின்றன. வெளியில் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தட்டே கிடையாது. வீட்டிலேயே ரோஸ்ட் செய்கிறவர்களுக்கும் ஒரு பறவையிலிருந்து கிடைக்கும் சாறு பன்னிரண்டு பேருக்குக் காணாது என்பதோடு, விருந்தினர் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் கடைசி அரை மணி நேரத்தில்தான் அது கைக்கு வரும். அந்த நேரத்தில் அடுப்படியில் நின்று மாவைக் கரைத்துக்கொண்டிருப்பதைவிட, இரண்டு நாளைக்கு முன்பே கோழி எலும்புச் சாற்றில் கிரேவியைச் செய்து வைத்துவிட்டு, வான்கோழியின் வடிசாற்றைக் கடைசியில் வாசனைக்காகச் சேர்த்துக்கொள்வதே மேல். எங்கள் வீட்டைப் போல 24ஆம் தேதி இரவு ஆலயத்துக்குப் போய்த் திரும்பிச் சாப்பிட உட்காரும் குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை.

கிரேவியின் தரம் முழுவதும் சாற்றில் இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு ஒன்றரை லிட்டர் கிரேவி தாராளமாகப் போதும். அதற்கு ஒன்றரைக் கிலோ கோழி இறக்கைகளும் அரைக் கிலோ கோழிக்கால்களும் வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கா சந்தையில் கோழி விற்கும் கடைகளில் கால்கள் மலிவாகவே கிடைக்கும். நகத்தை வெட்டித் தரச் சொன்னால் வெட்டித் தருவார்கள். இறக்கை ருசிக்கு, கால் கெட்டித்தன்மைக்கு. கோழிக்காலில் இருப்பதெல்லாம் தோலும் நரம்பும் குருத்தெலும்பும்தான். அவற்றிலுள்ள கொலாஜன் வெந்நீரில் நெடுநேரம் கிடக்கும்போது ஜெலட்டினாகக் கரைகிறது. உதட்டில் லேசாக ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பை மாவினால் ஒருபோதும் கொண்டுவர முடியாது. சாற்றைக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்த பிறகு, கிண்ணத்தைச் சாய்த்தாலும் வழியாத அளவுக்கு அது உறைந்திருந்தால் கால்கள் தம் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள்.

2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது அன்று வெட்டிய கோழி கிடைக்காதோ என்று இங்குள்ள ஈரச்சந்தைகளில் எழுந்த கவலை பலருக்கு நினைவிருக்கும். ஆனால் சாற்றுக்கு உறைந்த கோழியே போதும். எலும்பை வேகவைத்து அதன் சாரத்தை இறக்கும் வேலையில் அன்று வெட்டிய கோழிக்கும் உறைந்த கோழிக்கும் உள்ள வேறுபாடு நாவுக்குத் தெரிவதில்லை.

உறைந்த முழு வான்கோழியை வாங்கி வீட்டில் ரோஸ்ட் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவையின் வயிற்றுக்குள்ளோ கழுத்துப் பக்கத்திலோ பெரும்பாலும் ஒரு சிறு பை இருக்கும். அதில் கழுத்து, இரைப்பை, இருதயம், ஈரல் ஆகியவை இருக்கும். கழுத்தையும் இரைப்பையையும் இருதயத்தையும் சாற்றில் போடலாம். ஈரலைப் போடக் கூடாது, நெடுநேரம் கொதித்தால் கசக்கும். ஐந்து கிலோ வான்கோழி குளிர்பதனப் பெட்டிக்குள் உறைநிலை நீங்க இரண்டு முதல் மூன்று நாள் ஆகும் என்பதால், இந்தக் கழுத்தை நம்பிச் சாற்றைத் தள்ளிப்போடாமல், கோழி இறக்கையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. முப்பது டிகிரி வெக்கையுள்ள நம் சமையலறையில் வான்கோழியை வெளியே வைத்து உறைநிலை நீக்குவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

இறக்கைகளை முதலில் நன்றாகச் சிவக்க வையுங்கள். ஓவன் இருந்தால் 220 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இல்லாவிட்டால் கனமான இரும்பு வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எல்லாப் பக்கமும் ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும்வரை வறுத்தெடுக்கலாம். வாணலியை நிரப்பினால் இறக்கை தன் நீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். இறைச்சியின் புரதமும் சிறிதளவு சர்க்கரையும் கடும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் அந்தப் பழுப்பில்தான் கிரேவியின் நிறமும் மணமும் இருக்கின்றன. வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் கறையைக் கழுவிவிடாமல், அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டிச் சாற்றில் சேர்த்துவிட வேண்டும். கருகிப் போயிருந்தால் மட்டும் கொட்டிவிடலாம்.

அதன் பிறகு, சிவந்த இறக்கைகளோடும் கோழிக்கால்களோடும் இரண்டு வெங்காயம், ஒரு கேரட், இரண்டு செலரித் தண்டு, கொஞ்சம் முழு மிளகு, இரண்டரை லிட்டர் தண்ணீர். சாதாரணப் பாத்திரத்தில் மெல்லிய கொதியில் நான்கு மணி நேரம் ஆகும். நம் வீடுகளில் பிரஷர் குக்கர் இருக்கும்போது அத்தனை நேரம் எதற்கு? குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கிவிடுவதால், முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்தாலே காலின், எலும்பின் சாரம் சாற்றில் இறங்கிவிடும். பெரிய குக்கர் இல்லையென்றால் இரண்டு தடவையாகச் செய்துகொள்ளலாம். சீனச் சமையலறைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு: காய்ந்த ஷிட்டாக்கே காளான் மூன்று நான்கை ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் போடுவது. காளானின் ருசி தனியாகத் தெரியாது, ஆனால் இறைச்சியின் ருசி ஒரு படி ஏறும். இந்தக் கட்டத்தில் உப்பு சேர்க்கவே கூடாது. சாறு பின்னால் வற்றும். வான்கோழியின் வடிசாறும் உப்போடுதான் வரும்.

வடிகட்டிய சாற்றை ஆறவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போவது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. அது ஆபத்து. வயிற்றைக் கெடுக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா, இறைச்சிச் சாறும் கிரேவியும் பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும்போது பெருகுவதற்குப் பேர்போனது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் சாறு இறங்கிவிட வேண்டும். கழுவுதொட்டியில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் நிரப்பி, அதில் பாத்திரத்தை வைத்து அவ்வப்போது கிளறிவிட்டால் அரை மணியில் முடியும் வேலை அது. பிறகு குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். மறுநாள் மேலே படிந்திருக்கும் கொழுப்பை வழித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் வேண்டும்.

அடுத்த வேலை, கொழுப்பில் மாவை வறுப்பது. ஒன்றரை லிட்டர் சாற்றுக்கு 90 கிராம் மைதா, 90 கிராம் கொழுப்பு. இரண்டும் சம எடை. வழித்தெடுத்த கோழிக்கொழுப்பு போதாவிட்டால் வெண்ணெயைச் சேர்த்துக்கொள்ளலாம். நெய் வேண்டாம், நெய்யில் மாவு சிவந்தால் கோதுமை அல்வா கிண்டுகிற வீட்டின் வாசம் வந்துவிடும், அதன்பின் எந்தச் சாற்றை ஊற்றினாலும் அது போகாது. மிதமான தீயில் மாவைக் கைவிடாமல் கிளறினால், பச்சை வாசனை போய் வறுத்த கொட்டையின் மணம் வரும். வெளிர் பழுப்பில் நிறுத்திவிடுங்கள். மாவு அதிகம் சிவக்கச் சிவக்க அதன் மாச்சத்து உடைந்து, கெட்டியாக்கும் ஆற்றல் குறையும்; நிறத்துக்கு ஆசைப்பட்டுக் கறுக்க விட்டால் கிரேவி தண்ணீராக நிற்கும். நிறம் போதாது என்று தோன்றினால் ஒரு தேக்கரண்டி கறுப்பு சோயா சாஸ் சேர்த்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டி விழுவதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கொழுப்பு மாவின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பூசி வைத்திருப்பதால், சாற்றை முதலில் ஒரு கரண்டி ஊற்றி நன்றாகக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கட்டிக்கு இடமே இல்லை. 65 டிகிரி அளவில் மாவு உப்பத் தொடங்கினாலும், கொதிநிலையை நெருங்கும்போதுதான் முழுக் கெட்டித்தன்மை தெரியும். அதற்குள் அவசரப்பட்டு இன்னும் மாவைச் சேர்த்துவிடாதீர்கள். கொதி வந்த பிறகு தீயைக் குறைத்துப் பதினைந்து இருபது நிமிடம் விட்டால் மாவின் சுவடே இருக்காது. ஆறும்போது அது மேலும் இறுகும் என்பதால், கரண்டியின் முதுகில் மெல்லியதாகப் படியும் பதத்திலேயே இறக்கிவிட வேண்டும்.

மசாலாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் ஒவ்வோர் ஆண்டும் கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, காரமே இல்லாம? கொஞ்சம் மிளகாய்த்தூளாவது போடக் கூடாதா?” என்பார். “பிரியாணியும் மட்டன் பிரட்டலும் பக்கத்துலயே இருக்கு அத்தை, இது ஒண்ணாவது சாதுவா இருக்கட்டும்” என்பதுதான் என் பதில். இஞ்சி, பூண்டு, கரம் மசாலா சேர்த்த வான்கோழிக் குழம்பு சுவையாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே மூன்று மசாலாப் பதார்த்தங்கள் உள்ள மேசையில் நான்காவது ஒன்று வந்தால் வான்கோழி இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும். கொஞ்சம் தைம் இலை, நிறைய மிளகுத்தூள், கடைசியில் சிறு எலுமிச்சையின் சில துளிகள் போதும். புளிப்பு தெரியக் கூடாது, கொழுப்பின் கனம் மட்டும் குறைய வேண்டும்.

எங்கள் மேசைக்கு முஸ்லிம் நண்பர்களும், மாட்டிறைச்சி சாப்பிடாத இந்து உறவினர்களும் வருவார்கள். ஆகவே பல செய்முறைகளில் வரும் ஒயினை நான் சேர்ப்பதில்லை. கோழியும் வான்கோழியும் ஹலால் முத்திரை உள்ளவையாகப் பார்த்தே வாங்குகிறேன். பொடியாக விற்கும் உடனடிக் கிரேவிகள் சிலவற்றில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள். சைவர்களுக்குத் தனியாக, வெண்ணெயில் நன்றாக வதக்கிய வெங்காயமும் காளானும் சேர்த்து, அதே முறையில் ஒரு சிறு பாத்திரத்தில் செய்துவிடலாம்.

விருந்தன்று வேலை குறைவு. கிரேவியை நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்குங்கள். திரிந்ததுபோல் தெரிந்தால் கம்பி மத்தால் அடித்தால் சேர்ந்துகொள்ளும். ரோஸ்ட் தட்டிலோ கடைப் பெட்டியின் அடியிலோ இருக்கும் சாற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கிவிட்டு, அடியிலுள்ள கரிய சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பாருங்கள். உப்பு நீரில் ஊறிய பறவையாக இருந்தால் அந்தச் சாறு கடுமையாகக் கரிக்கும், மொத்தமாகக் கொட்டிவிடக் கூடாது. உப்பை இதற்குப் பிறகுதான் சரிபார்க்க வேண்டும். பிறகு கிரேவியை வாயகன்ற வெந்நீர்க் குடுவையில் ஊற்றி மூடிவிடுங்கள். குளிரூட்டி ஓடும் கூடத்தில், திறந்த கிண்ணத்தில் வைத்த கிரேவி சீக்கிரமே ஆறி ஆடை படிந்துவிடும். குடுவையிலிருந்து தேவைப்படும்போது சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டால் கடைசியாக வருகிறவருக்கும் சூடாகவே கிடைக்கும்.

மீந்த கிரேவி குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் காலை பிராட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும்போது அத்தை மிளகாய்த்தூளைச் சேர்த்துக்கொள்வார், அன்று நான் தடுப்பதில்லை. வான்கோழி எலும்புகள் இஞ்சி போட்ட கஞ்சிக்குப் போகும். அதன் செய்முறையை ஜனவரியில் எழுதுகிறேன்.