கடைசிக் கடை வரை நடந்து வருகிறார்களா?

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. ஏறும்போது சனம் வாங்காது, இறங்கும்போதுதான் வாங்கும். ஏறுகிறவர் கையில் பிள்ளை, நெஞ்சில் பூசை நேரம். அர்ச்சனைச் சாமான் விற்கிறவருக்கு மட்டும்தான் அப்போது வியாபாரம். இறங்கும்போது கை வெறுமையாக இருக்கும், கால் மெதுவாகும், பிள்ளை எதையாவது கேட்கத் தொடங்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் விளையாட்டுச் சாமான்களை மேலிருந்து வருகிறவர் பார்க்கும் பக்கத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்க விடுவார்கள். பாதை முடிகிற இடத்தில் சுவாமி மலையும் கோயிலும் இருக்கின்றன. வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கடையையும் இரண்டு தரம் கடந்தே ஆகவேண்டும்.

உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் எந்தக் கடைத்தெருவுக்கும் உயிர் இந்த நடையில்தான் இருக்கிறது. நடை அறுந்தால் கடைத்தெரு எப்படிச் சாகும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய பாடம் அமெரிக்காவின் புளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள் நடந்தது. திருகோணமலைக் கடற்கரையில், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடை நடத்துகிறவர்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அங்கே 1975இல் ஏரிக்கரையில் ஒரு கடைக் கிராமம் திறந்தார்கள். 1989 மே 1ஆம் திகதி அதன் பக்கத்தில் 'பிளெஷர் ஐலண்ட்' வந்தது. பெரியவர்களுக்கான இரவுப் பொழுதுபோக்கு இடம் அது. நடன மண்டபம், நகைச்சுவை மேடை, இசைக் கூடம் என்று பல கிளப்புகள். ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாவற்றுக்கும் போய்வரலாம். ஒவ்வொரு இரவும் புத்தாண்டு பிறப்பதுபோல வாணவேடிக்கையோடு கொண்டாடுவார்கள். 1997இல் மறுபக்கத்தில் 'வெஸ்ட் சைட்' என்ற பகுதி சேர்ந்தது. மூன்றுக்கும் பொதுப்பெயராக 'டவுன்டவுன் டிஸ்னி' என்று வைத்தார்கள். அத்தோடு பிளெஷர் ஐலண்ட் நட்ட நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் கடைகள், மறு பக்கம் பெரிய உணவகங்களும் காட்சிக்கூடங்களும், இரண்டையும் இணைக்கும் பாலம்போல இந்தத் தீவு.

வீழ்ச்சி ஒரு நாளில் வரவில்லை. 1999இல் யுனிவர்சல் நிறுவனம் பக்கத்திலேயே 'சிட்டிவாக்' என்ற போட்டி இடத்தைத் திறந்தது. பிளெஷர் ஐலண்டிலோ, தெருவுக்குள் வர நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை, கிளப்புக்குள் போகிறவர் மட்டும் கட்டினால் போதும் என்று பின்னர் மாற்றினார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டு வாங்கியவர் கொடுத்த காசுக்கு நாலு கிளப்பையாவது பார்த்துவிட்டே போவார். சீட்டில்லாதவர் தெருவில் நின்றுவிட்டுப் போய்விடுவார். தெருவில் தலைகள் கூடும், கல்லாவில் காசு கூடாது. பிறகு அந்த நாளாந்தப் புத்தாண்டும் நின்றது. நள்ளிரவு வரை ஆட்களைப் பிடித்து வைத்திருந்த காரணமே அதுதான். இப்படிப்பட்ட ஒன்றைச் செலவு என்று கணக்குப் பார்த்து வெட்டுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் ஆகப் பெரிய பிழை என்பது எங்கள் எண்ணம்.

2008 செப்டம்பர் 27ஆம் திகதியோடு மீதமிருந்த ஆறு கிளப்புகளையும் ஒன்றாக மூடினார்கள். அவற்றில் 'அட்வென்ச்சரர்ஸ் கிளப்' வேறெங்கும் கிடைக்காத ஒன்று. நடிகர்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே உலாவி, அவர்களையும் பேச வைத்து நடிப்பார்கள். அதைக் காப்பாற்றச் சொல்லி ரசிகர்கள் மன்றாடினார்கள். தனிப்பட்ட விருந்துகளுக்காக அடுத்த ஆண்டு வரை திறந்து, பின் அதுவும் முடிந்தது. அந்த இடங்களில் புதுக் கடைகளும் உணவகங்களும் கொண்டுவருவதாகத்தான் திட்டம். ஆனால் உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்த நேரம் அது. 2010இல் 'ஹைபீரியன் வார்ஃப்' என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள், கைவிட்டார்கள். 2013இல் இன்னொரு திட்டம் வந்து, 2015 செப்டம்பர் 29இல் முழு இடத்துக்கும் 'டிஸ்னி ஸ்பிரிங்ஸ்' என்று பெயர் மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சில உணவகங்கள் தவிர நடுப்பகுதி பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. ஒரு முனையில் கடைக்கு வந்தவருக்கு இருட்டைத் தாண்டி மறுமுனைக்கு நடக்க என்ன தேவை? மீண்டும் கட்டியபோது அவர்கள் பெரிய மாடி வாகனத் தரிப்பிடங்களைக் கட்டினார்கள். எந்த இடம் காலி என்று விளக்கு காட்டும். ஆட்களைச் சுகமாக இறக்கி நடக்க விட்டால்தான் மற்றதெல்லாம் என்று விளங்கியிருந்தது.

இனி எங்கள் பக்கம். கிழக்குக் கரையில் சீசன் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடியும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் படகில் போகிறவர்கள் காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பி, வெயிலுக்குப் பயந்து அறைக்குள் அடைந்துவிடுவார்கள். ஆகவே கடற்கரைக் கடைகளுக்கு மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரையுள்ள மூன்று மணித்தியாலம்தான் கைவசம். அந்த நேரத்தில் சனம் வெளியே வர ஒரு காரணம் இருக்க வேண்டும். இசையோ, கரையில் சுட்டுத் தரும் மீனோ, எதுவானாலும் சரி. கடை மட்டும் அந்தக் காரணமாகாது.

நடை குறைகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தெருவின் தொடக்கத்தில் ஒருவர், கடைசிக் கடைக்கு முன் ஒருவர். மாலை 6 மணியிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி போட்டு, கடந்து போகிற தலைகளைக் கொப்பியில் கோடு கோடாகக் குறிக்க வேண்டும். ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு போயா (முழுநிலவு) தினம் என்று மூன்று நாட்களாவது எண்ண வேண்டும். போயாவில் மதுபான விற்பனை இல்லாததால் அன்றைய எண்ணிக்கை வேறு கதை சொல்லும். தொடக்கத்தில் நூறு பேர் நுழைந்து கடைசியில் எழுபது பேர் வந்தால் தெரு நன்றாயிருக்கிறது. முப்பதுதான் என்றால் எங்கே திரும்புகிறார்கள் என்று நடந்து பார்க்க வேண்டும். அநேகமாக அங்கே இரண்டு கதவுகள் அடுத்தடுத்துப் பூட்டியிருக்கும், அல்லது ஒரு மின்குமிழ் எரியாது, அல்லது நாலு கடையில் ஒரே யானைக் காற்சட்டை தொங்கும்.

அடுத்தடுத்து இரண்டு கதவு பூட்டுவதை எப்படியாவது தடுக்க வேண்டும். ஒரு கடை காலியானால் பக்கத்துக் கடைக்காரரின் சரக்கை அதன் முகப்பில் அடுக்க உரிமையாளரிடம் அனுமதி கேட்கலாம். மின்சாரச் செலவை மட்டும் கட்டி ஒரு விளக்கை 9.30 வரை எரிய விடலாம். ஆறு மாதச் சீசனுக்குப் பன்னிரண்டு மாத வாடகை கேட்கும் இடத்தில், சீசனில் கூட்டியும் மழைக்காலத்தில் குறைத்தும் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. இல்லாவிட்டால் கடைக்காரர் ஒக்டோபரில் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவார், ஏப்ரலில் அந்த இடம் இருட்டாகவே தொடங்கும்.

ஒரு கடை தளர்வதைப் பக்கத்தில் நின்றே கண்டுபிடிக்கலாம். முன்வரிசையில் மடித்து வைத்த ரீசேட் ஒன்றை விரித்துப் பாருங்கள். மடிப்பின் விளிம்பு வெளிறி, உள்ளே நிறம் அப்படியே இருந்தால் அது மாதக்கணக்கில் அசையவில்லை. அளவுகளைப் பாருங்கள். ஆகச் சிறியதும் ஆகப் பெரியதும் மட்டும் மிஞ்சியிருந்தால் முதலாளி புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்.

உப்புக்காற்று சும்மா இருக்கிற கடையைத்தான் முதலில் தின்னும். தினமும் ஏறி இறங்கும் இரும்புச் சுருள்கதவு தாக்குப்பிடிக்கும். நாலு மாதம் பூட்டிக் கிடந்தது அடித்தகட்டில் துருப்பிடித்து, பக்கத் தண்டவாளத்தில் இறுகிவிடும். மூட முன்னர் தண்டவாளம் இரண்டுக்கும் கிறீஸ் பூசி, பூட்டுக்குள் எண்ணெய் விட்டு, அதைப் பொலித்தீனால் சுற்றிக் கட்ட வேண்டும். துணியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்க வேண்டும். மரச் சிலைகளை நன்றாகக் காயவைத்து, ஒன்றோடொன்று முட்டாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்ட ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் வந்து கதவைப் பாதி தூக்கி, ஒரு மணித்தியாலம் காற்று விட்டு மூட வேண்டும்.