கொக்குவில் அடுப்பு, கும்பகோணத்துக் கைமணம்

ஜூன் 8, 2025

வந்து சேர்ந்துவிட்டோம். கணவருக்கு இங்கே இரண்டு ஆண்டு ஒப்பந்த வேலை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாடகை வீடு: முற்றத்தில் கிணறு, வேலியோரம் முருங்கை, பின்வளவில் பனைகள். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வரத்தான் பாதி நாள் ஆனது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகவில்லை. கிளம்பும்போது உறவினர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "யாழ்ப்பாணம்தானே, அங்கேயும் நம் சாப்பாடுதான், உனக்கென்ன குறை?" அப்படிச் சொன்ன ஒருவரும் இங்கு வந்து அடுப்புப் பற்றவைத்தவர் இல்லை.

ஜூன் 11

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு; அதன் சந்தைக்குப் போனேன். காய்கறிப் பக்கம் நின்றவரை ஊர் ஏக்கமே வரவில்லை. கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைப்பூ, பயற்றங்காய், எல்லாம் அன்று பறித்தவை. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இத்தனை சிவப்பும் காரமும் உள்ள வெங்காயத்தைத் தஞ்சாவூர்ப் பக்கம் நான் வாங்கியதே இல்லை. விலையைக் கேட்டதும் நெஞ்சு திக்கென்றது. இந்திய ஒரு ரூபாய்க்கு இங்கே ஏறத்தாழ மூன்றரை ரூபாய் என்று மனக்கணக்குப் போட்ட பிறகே பை நிறைந்தது.

பலசரக்குக் கடையில்தான் கால் தடுக்கியது. பருப்பு என்று கேட்டால் சிவப்பு மைசூர் பருப்பைத்தான் நிறுத்துத் தருகிறார்கள். அரிசியில் சம்பா உண்டு, கீரிச்சம்பா உண்டு, சிவப்பு நாட்டரிசி உண்டு; பொன்னி இல்லை, இட்லி அரிசி இல்லை. வவுனியாப் பக்கத்து உளுந்து நன்றாக இருக்கிறது. துவரம் பருப்பு கடைசியில் யாழ் நகரத்தில், கஸ்தூரியார் வீதியில் கிடைத்தது. துபாய்க்குப் போன என் தங்கைக்கு முதல் வாரமே பொன்னியும் இட்லி மாவும் கிடைத்துவிட்டன; அங்கே தமிழ்நாட்டுச் சாமான் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இங்கே எல்லாமே தமிழர் கடை, ஆனால் அவர்களுக்கு வேண்டியதைத்தானே அவர்கள் விற்பார்கள்!

ஜூன் 14

துவரம் பருப்பு வேக மறுக்கிறது. இரவே ஊறவைத்து, குக்கரில் வழக்கத்துக்கு மேல் விசில் விட்டும், பருப்பு முழித்துக்கொண்டு தனியாக நிற்கிறது, தண்ணீர் தனியாக நிற்கிறது. சாம்பார் வாசனை மட்டும் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. தெரு முழுவதும் ரீச்சரம்மா என்றுதான் அழைக்கிறது, நானும் அப்படியே அழைக்கிறேன்.

"பிள்ளை, கிணற்றுத் தண்ணீரிலா அவிக்கிறீர்? அது அவியாது. குடிக்க வாங்குகிற தண்ணீரில் போட்டுப் பாரும்."

வேதியியல் படித்தவள் நான். அவர் சொன்னதும் காரணம் பிடிபட்டது. இந்தக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லின் வழியே இறங்கிக் கிணற்றுக்கு வரும்போது கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது பருப்பில் உள்ள பெக்டினோடு சேர்ந்து இறுகிவிட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் பருப்பு குழைவது கடினம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே சங்கதிதான். மைசூர் பருப்பு மெல்லியது. அது இந்தத் தண்ணீரிலும் விரைவில் கரைந்துவிடுகிறது. இந்த ஊர் அதைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

சுத்திகரித்த தண்ணீரில் மறுபடி வைத்தேன். மத்து தேவைப்படவில்லை, கரண்டியாலேயே மசிந்தது. அந்தச் சின்ன வெங்காயத்தைப் போட்டு, முருங்கைக்காய் போட்டு, கொஞ்சம் பெருங்காயம். வந்ததிலிருந்து முதல் முறையாகக் கணவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

ஜூன் 20

காப்பிக்கு வழி பிறந்தது. இங்கே வீடுகளில் பால்மா, அதாவது பால்பொடி, போட்ட தேநீர்தான் பழக்கம். பால்மாவில் டிகாக்ஷன் சேராது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அடுத்த ஒழுங்கையில் மாடு வைத்திருப்பவர் காலையில் அரை லிட்டர் கறந்து தர ஒப்புக்கொண்டார். பித்தளை ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று.

ஜூன் 27

மகளைப் பற்றித்தான் கவலை. ஏழு வயது. சிவப்பரிசிச் சோற்றைத் தொடமாட்டேன் என்கிறாள்; தயிர்சாதத்திலேயே நாட்களை ஓட்டுகிறாள், கன்னம் ஒட்டிவிட்டது. ரீச்சரம்மா இதைக் கவனித்திருக்கிறார். இன்று மாலை இருவரையும் தம் குசினிக்கு அழைத்துப் பலகையில் உட்காரவைத்தார்.

புட்டுக்காக, வறுத்த அரிசிமாவில் உப்புப் போட்டுக் கொதிநீரை விட்டு, அகப்பைக் காம்பால் கிளறினார். மா கட்டி கட்டியாகத் திரண்டதும் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்தத் தொடங்கினார். டக் டக் என்று சீரான சத்தம். ஒவ்வொரு கொத்துக்கும் கட்டி உடைந்து, கடைசியில் மிளகளவு உருண்டைகளாகிவிட்டது. மகளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அவள் கொத்திய பகுதி பெரிய பெரிய உருண்டையாக இருந்தது. அதையும் அப்படியே சேர்த்துக்கொண்டார். துருவிய தேங்காய்ப்பூவைத் தூவி, பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் போட்டு ஆவியில் வைத்தார். சற்று நேரத்தில் ஓலையும் அரிசியும் தேங்காயும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. எங்கள் வீட்டில் குழாய்ப் புட்டு செய்வோம்; அதில் இந்த ஓலை வாசனை வராது.

அதற்குள் அடுப்பில் சொதி. தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு வேகவைத்து, முதற்பாலை விட்டுக் கை ஓயாமல் துழாவினார். பொங்க வரும் நேரத்தில் இறக்கிவிட்டார். தேசிக்காயை (நம் ஊர் எலுமிச்சை) இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டுமாம், இல்லாவிட்டால் திரைந்துவிடும்.

மகளுக்குச் சொதி கொடுக்கவில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அறுத்து, புட்டோடு பிசைந்து வாயருகே கொண்டுபோனார். "குஞ்சு, நீர் கொத்தின புட்டு இது."

தட்டு காலியாகும்வரை நான் பேசவே இல்லை. பேசினால் அழுதிருப்பேன்.

ஜூலை 17

ஆடிப்பிறப்பு. ஆடி முதல் நாளுக்கு இங்கே இவ்வளவு மரியாதை இருக்கும் என்று நினைக்கவில்லை. அரிசிமா, தேங்காய்ப்பால், பயறு, பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சிய கூழும் கொழுக்கட்டையும் மூன்று வீடுகளிலிருந்து வந்தன. பனங்கட்டியின் இனிப்பு வெல்லத்தைப் போல நாக்கை அடைப்பதில்லை. இனி என் சர்க்கரைப் பொங்கலுக்கும் இதுதான்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. எங்கள் ஊரில் இன்று காவிரிப் படித்துறை கொள்ளாத கூட்டம் இருக்கும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்று கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் வயலுக்கு இறைப்பதும் நிலத்தடி நீரை நம்பித்தான். அதனால் கிணற்றடியைக் கழுவிக் கோலமிட்டு, காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிட்டோம். காவிரிக்குச் செய்வதைக் கிணற்றுக்குச் செய்யலாமா என்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "சோறு போடும் தண்ணீர் எதுவானாலும் தாய்தான்" என்றார்.

சித்திரான்னத்துக்குக் கீரிச்சம்பா. பொடி அரிசி, பொன்னியைவிடச் சீக்கிரம் குழைகிறது. தண்ணீரைக் குறைத்து வடித்து, தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்தால் பருக்கை பருக்கையாக நிற்கிறது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நான்கும் செய்தேன். நல்லூர்த் திருவிழா நடக்கிறது. தெருவில் பல வீடுகளில் இந்த நாட்களில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. ஆகவே தயங்காமல் எல்லா வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினேன். மாலையில் பாத்திரங்கள் ஒன்றுகூட வெறுமையாகத் திரும்பவில்லை: ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் பருத்தித்துறை வடை, ஒன்றில் மோர்மிளகாய். ரீச்சரம்மாவுக்குப் புளிச்சாதம்தான் பிடித்தது. "இதைக் கட்டிக்கொண்டு கொழும்புக்கே போகலாம்" என்றார்.

ஆகஸ்ட் 24

ரீச்சரம்மா வீட்டில் பெட்டி கட்டும் வேலை நடக்கிறது. மகள் டொராண்டோவில், மகன் லண்டனில். இருவரும் போர்க் காலத்தில் போனவர்கள். டொராண்டோவில் நம்மவர் கடைகளுக்குக் குறைவில்லை, கறித்தூள் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஆனாலும் யாராவது போகிறார்கள் என்றால் பெட்டி தயாராகிவிடும். கறித்தூள், வறுத்த அரிசிமா, ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு), பனங்கட்டி, வேப்பம்பூ வடகம். எதை இரட்டைப் பையில் போட வேண்டும், எது வழியில் வேர்க்கும், எது ஒரு வருடம் கிடந்தாலும் கெடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்த முதல் வாரத்திலேயே எனக்கு என்ன தேவை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இந்தப் பெட்டியைப் பார்த்த பிறகே விளங்குகிறது. கடல் கடந்து போன பிள்ளைகளின் பசியை இத்தனை ஆண்டுகள் இங்கிருந்தே நினைத்துக்கொண்டிருந்தவர், கடல் கடந்து தம் வேலியோரம் வந்தவளின் பசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

நாளை காலை சேர்ந்து மில்லுக்குப் போகிறோம். அவர் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் கறிவேப்பிலையோடு கறுக்க வறுத்து வைத்திருக்கிறார். நான் சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் துவரம் பருப்பும் காயவைத்திருக்கிறேன். அவருடையதற்குப் பின்னால் அரைத்தால் பெருஞ்சீரக வாசனை என் பொடியில் ஏறிவிடும். என்னுடையதை முதலில் போடச் சம்மதித்துவிட்டார்.