அட்மிஷன் வந்தாச்சு, ஆனால் ஜூன் வரைக்கும் பாக்கி இருக்கு

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் குழப்பம் தருவது இந்த வரிசைதான்: இங்கே சீட் முதலில் வரும், மார்க் பிறகு வரும். நான் மதுரையில் பிளஸ் டூ எழுதியபோது பொதுத்தேர்வு, நுழைவுத்தேர்வு, அப்புறம் கட்ஆஃப், அப்புறம் கவுன்சிலிங்; கையில் ஆர்டர் வாங்கிவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கலிபோர்னியாவில் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா, பல வளாகங்கள் உள்ள அரசுப் பல்கலைக்கழகம்) கல்லூரிகளுக்கு நவம்பரில் விண்ணப்பம் போட்டு, மார்ச்சில் முடிவு வந்து, மே 1க்குள் சேர்கிறேன் என்று சொன்ன பிறகும் ஜூன் வரை வகுப்பு ஓடுகிறது. அந்த ஜூன் மார்க்கையும் பார்த்த பிறகுதான் அட்மிஷன் உறுதி.

அதிலும் யூசியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விண்ணப்பத்தில் மார்க்கை மாணவனே தட்டச்சு செய்து கொடுக்கிறான், அவர்கள் அதை நம்பி எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளியின் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், அவர்கள் கைக்குப் போவதே சேர முடிவு செய்த பிறகு, கோடையில்தான். ஆக, ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாமே அப்போதுதான் சரிபார்க்கப்படுகிறது.

எங்கள் மகனுக்கு மார்ச்சில் ஒரு யூசியில் இடம் கிடைத்தது. கோயிலுக்குப் போனோம், கேக் வெட்டினோம், ஊருக்கு வீடியோ கால் போட்டோம். அதோடு அவன் பை திறப்பதை நிறுத்திவிட்டான். இங்கே இதற்கு ‘சீனியரைட்டிஸ்’ என்றே பேர் வைத்து, காய்ச்சல் மாதிரி எல்லோருக்கும் ஒருமுறை வந்துபோகும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் ஏப்ரல் வரை அப்படித்தான் விட்டிருந்தேன், பாவம், நாலு வருஷமாகத் தூக்கம் கெட்டு ஓடியவன்தானே. ஒருநாள் பள்ளி ஆப்பைத் திறந்தால் ஏபி (பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தும் பாடம்) கால்குலஸுக்கு நேரே 68, டி பிளஸ். உள்ளே போய்ப் பார்த்தால் தேர்வு மார்க்கெல்லாம் 80ஐ ஒட்டித்தான் இருக்கிறது, ஹோம்வொர்க் வரிசையில் மட்டும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பக்கத்தில் சிவப்பில் ‘மிஸ்ஸிங்’. பாடம் புரியாத பையனின் மார்க் இல்லை இது, கொடுக்காத பையனின் மார்க்.

கேட்டதற்கு, “அம்மா, டி வாங்கினாலும் பாஸ்தாம்மா, டிப்ளமா குடுத்துருவாங்க” என்றான். டிப்ளமா, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ் வரைக்கும் அவன் சொன்னது சரி. ஆனால் யூசி சேர்க்கைக்குக் கட்டாயமாகக் கேட்கும் ‘ஏ-ஜி’ என்ற பட்டியலில் உள்ள பாடங்களுக்குச் சி அல்லது அதற்கு மேல் வேண்டும், டி என்றால் அந்தப் பாடத்தை முடித்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வித்தியாசம் இங்கேயே படித்து வளர்கிற பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

அட்மிஷன் நிபந்தனைகள் என்று போர்ட்டலில், அதாவது அந்தக் கல்லூரி மாணவனுக்குத் தரும் இணையக் கணக்கில், ஒரு பக்கம் இருக்கிறது. சேர்கிறேன் என்று க்ளிக் செய்யும்போது அதற்கும் சேர்த்துத்தான் சம்மதம் கொடுக்கிறோம். அவன் படிக்கவில்லை, யார்தான் படிக்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று பேரும் வரி வரியாகப் படித்தோம். எங்களுக்கு வந்ததில் இருந்தவை: விண்ணப்பத்தில் எழுதிய பாடங்களையே முடிக்க வேண்டும், எதிலும் டியோ எஃப்போ கூடாது, பன்னிரண்டாம் வகுப்பு சராசரி 3.0க்குக் குறையக் கூடாது, ஜூலை 1க்குள் டிரான்ஸ்கிரிப்ட், ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். வளாகத்துக்கு வளாகம் வாசகம் மாறும், உங்கள் பிள்ளையின் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டோம். ஏ என்றால் 4, பி 3, சி 2. யூசி கணக்கில் பிளஸ், மைனஸ் கிடையாது, பி பிளஸும் பி மைனஸும் ஒன்றே. இந்தச் சராசரிக்கு ஏபி பாடத்தின் கூடுதல் புள்ளியும் சேராது. முதல் செமஸ்டரில் அவனுக்கு இரண்டு ஏ, மூன்று பி, ஒரு சி, மொத்தம் 19. ஆறு பாடம், இரண்டு செமஸ்டர், ஆக வருஷம் முழுக்க 12 கிரேடுகளுக்கு 36 புள்ளி வந்தால்தான் சராசரி 3.0. ஆக இரண்டாம் செமஸ்டருக்கு 17 வேண்டும்: ஒரு ஏ, மூன்று பி, இரண்டு சி. என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. “எவ்வளவு குறைச்சா போதும்னு நீயே சொல்லிக் குடுக்கிறியா?” என்றார். எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு. “படிடா, படிடா” என்பது காதில் விழாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது, ஆனால் 17 என்ற எண்ணை அவனே தாளில் கூட்டிப் பார்த்தபோது முகம் மாறியது. ஏனென்றால் அன்றைய நிலவரப்படி அவனிடம் இருந்தது 16, அதிலும் ஒரு டி.

அதற்குப் பிறகு நடந்ததில் பெரிய வீரதீரம் ஒன்றுமில்லை. கால்குலஸ் ஆசிரியருக்கு அவனே மெயில் எழுதினான். நடப்புப் பாடத்தின் ஹோம்வொர்க்கை மட்டும் தாமதமாகத் தரலாம், முழு மார்க் கிடைக்காது, பழையது பழையதுதான் என்று பதில் வந்தது. மதிய இடைவேளையில் அவர் வகுப்பறை திறந்திருக்கும், அங்கே போய் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு வருவான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் செய்ய மாட்டான் என்பது அவனுக்கே தெரியும். நான் செய்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஆப்பைப் பார்ப்பது, மற்ற நாளில் வாயை மூடிக்கொண்டிருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம்.

நடுவில் அந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலர் சம்மதித்தாலும் போதாது, விண்ணப்பத்தில் அந்தப் பாடம் இருப்பதால் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் செமஸ்டரிலேயே டி வந்துவிட்டது, ஜனவரியிலேயே அவள் தெரிவித்துவிட்டாள், கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருஷக் கல்லூரி) ஈடு செய்ய வழி சொன்னார்கள். மறைத்து வைத்து ஜூலையில் டிரான்ஸ்கிரிப்டில் அவர்களே கண்டுபிடிப்பதுதான் ஆபத்து. ஒன்று ஞாபகம் வையுங்கள், நாம் போன் பண்ணினால் பேச மாட்டார்கள். பிள்ளைதான் எழுத வேண்டும், பேச வேண்டும்.

இதெல்லாம் சும்மா மிரட்டல், யாரும் அட்மிஷனைத் திரும்ப வாங்குவதில்லை என்று சொல்பவர்களுக்கு: 2017 கோடையில் யூசி அர்வைன், எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர வந்த வருஷத்தில், 499 பேரின் அட்மிஷனை ரத்து செய்தது. மார்க் குறைந்தவர்களும் இருந்தார்கள், டிரான்ஸ்கிரிப்ட் சரியாக வந்து சேரவில்லை என்பதற்காக மாட்டியவர்களும் இருந்தார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு வளாகத் தலைவரான சான்ஸலர் மன்னிப்புக் கேட்டு, பலருக்குத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வீடுகளில் அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், வேறு கல்லூரிகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லி மாதங்கள் ஆகியிருக்கும்.

தனியார் கல்லூரிகளில் ‘எர்லி டிசிஷன்’ (கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே போடும் விண்ணப்பம்) போட்டு டிசம்பரிலேயே முடிவு வந்த பிள்ளைகளுக்கு இன்னும் நீளமான காத்திருப்பு. அங்கே கவுன்சிலர் இடையில் ஒருமுறை மார்க்கை அனுப்புவார், கடைசியில் இன்னொருமுறை. மெரிட் ஸ்காலர்ஷிப் இருந்தால் அதன் நிபந்தனையைத் தனியாகப் பாருங்கள்.

மே முதல் இரண்டு வாரம் ஏபி தேர்வுகள். அவை முடிந்ததும் பிள்ளைகள் மனசில் வருஷமே முடிந்துவிடும், இங்கேதான் இரண்டாவது சறுக்கல். ஏபி தேர்வில் 3க்குக் கீழே வந்தால் யூசியில் கிரெடிட் கிடைக்காது, அவ்வளவுதான். ஆனால் அதே பாடத்தின் வகுப்பு மார்க் சரிந்தால் சீட்டுக்கே ஆபத்து. எங்கள் பையனுக்கு ப்ராம் என்ற பள்ளி நடன விருந்து, கடற்கரை, சீனியர்கள் கூட்டாக வகுப்புக்குப் போகாத நாள் எல்லாம் நடந்தது, நான் தடுக்கவில்லை. கடைசியில் கால்குலஸில் சி, மொத்தம் 18.

ஜூனில் காகித வேலை. டிரான்ஸ்கிரிப்டை ஆன்லைனில் ஆர்டர் செய்யும்போது, கடைசி மார்க் ஏறிய பிறகு அனுப்பு என்ற தேர்வைப் போட வேண்டும், இல்லையென்றால் பாதி வருஷத்து மார்க்கோடு போய்விடும். பட்டம் பெற்ற தேதியும் அதில் இருக்க வேண்டும். ஏபி மதிப்பெண்ணை ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்ப ஜூன் 20க்குள், ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் கணக்கில் பெயரைக் குறிக்க வேண்டும், பிறகு என்றால் பணம். அனுப்பியதோடு விடாமல், போர்ட்டலில் ‘பெறப்பட்டது’ என்று மாறும்வரை பாருங்கள். பள்ளி அலுவலகம் கோடையில் சில வாரம் மூடிக்கிடக்கும், ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் அதற்கு முன்பே இதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.