தோல் நோய் டிரையல் கட்டுரையைத் தேர்வில் அலசுவது: மதிப்பெண் நழுவும் இடங்கள்

தோல் மருத்துவ முதுநிலைத் தேர்வில் ஒரு டிரையல் கட்டுரையைக் கையில் கொடுத்து ‘அலசுக’ என்றால், முக்கால்வாசிப் பேர் நேராக பி வேல்யூவுக்கு, அதாவது கிடைத்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று எடைபோட உதவும் எண்ணுக்கு ஓடுவார்கள். 0.05-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, மேலே இருந்தால் ‘சாம்பிள் சைஸ் போதவில்லை’ என்ற மனப்பாட வரி. இந்த இரண்டுக்கும் மதிப்பெண் குறைவுதான். தோல் ஆய்வில் நோயை அளப்பது பெரும்பாலும் மருத்துவரின் கண்ணும் கையும். அந்த அளவுகோல் எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேர்வாளர் நிமிர்ந்து பார்க்கிறார்.

அதனால் கட்டுரை கைக்கு வந்ததும் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு, செய்முறைப் பகுதியில் முதன்மை விளைவு எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரே பத்தியைத் தேடுங்கள். எந்த ஸ்கோர், எத்தனையாவது வாரம், யார் பார்த்தார், அவருக்கு எந்த மருந்து என்று தெரியுமா: இந்த நான்கையும் ஓரத்தில் குறித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சொரியாசிஸ் என்றால் அநேகமாக, நோயின் கடுமையையும் பரப்பையும் சேர்த்து அளக்கும் பாஸி ஸ்கோர். இதைக் கையால் போடத் தெரியாமல் தேர்வுக்குப் போகாதீர்கள். உடலைத் தலை, கைகள், நடுவுடல், கால்கள் என நான்காகப் பிரிக்கிறோம். எடை முறையே 0.1, 0.2, 0.3, 0.4. ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை. பரப்புக்கு 0 முதல் 6 வரை: 10 சதவீதத்துக்குக் கீழ் 1, 10–29 என்றால் 2, 30–49 என்றால் 3, 50–69 என்றால் 4, 70–89 என்றால் 5, அதற்கு மேல் 6. மூன்றின் கூட்டலைப் பரப்பாலும் எடையாலும் பெருக்கி, நான்கையும் கூட்ட வேண்டும். உச்சம் 72.

ஒரு நோயாளியைப் போட்டுப் பார்ப்போம். தலையில் 2, 1, 2, பரப்பு 1: 5 × 1 × 0.1 = 0.5. கைகளில் 2, 2, 2, பரப்பு 2: 6 × 2 × 0.2 = 2.4. நடுவுடலில் 3, 2, 2, பரப்பு 3: 7 × 3 × 0.3 = 6.3. கால்களில் 3, 3, 3, பரப்பு 3: 9 × 3 × 0.4 = 10.8. மொத்தம் 20. இவர் ‘பாஸி 75’ எட்டினார், அதாவது ஸ்கோர் 75 சதவீதமாவது குறைந்தது என்றால், அது 5 அல்லது அதற்குக் கீழே வந்திருக்க வேண்டும். ‘பாஸி 90’ என்றால் 2.

இதில் தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் அதேதான். பரப்பு என்பது அந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் என்பதே, முழு உடலில் அல்ல. பிட்டம் கால்களோடு சேரும். அக்குளும் தொடை இடுக்கும் நடுவுடலோடு. பரப்புக்கு 35 என்று சதவீதத்தையே போட்டுப் பெருக்கிவிட்டு, விடை ஏன் எங்கேயோ போகிறது என்று விழிப்பவர்களும் உண்டு.

கருத்த தோலில் சிவப்பை அளப்பது தனித் தொல்லை. அங்கே சிவப்பு ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். புண் ஆறிய பின் தங்கும் கருமையைச் சிவப்பு என்று போட்டுவிட்டால், குணமான நோயாளியும் ஆய்வில் குணமாகாதவர் ஆகிவிடுவார். கண்ணாடித் தகட்டால் அழுத்திப் பாருங்கள். ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு வெளிறும், நிறமி அப்படியே நிற்கும். ‘சிவப்பை எப்படிப் பார்த்தார்கள் என்று கட்டுரையில் இல்லை’ என்று ஒரு வரி எழுதினால், நீங்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் என்று திருத்துபவருக்குப் புரியும்.

பாஸியின் பெரிய குறை வேறு. தலை முழுக்க உச்சக் கடுமையில் நோய் இருந்தாலும் 12 × 6 × 0.1, அதாவது 7.2-ஐத் தாண்டாது. ஆக, நுழைவுக்கு பாஸி 12 கேட்கும் டிரையலில், தலையில் மட்டும் நோய் உள்ளவர் எவ்வளவு அவதிப்பட்டாலும் சேர முடியாது. அந்த டிரையலின் முடிவை அவருக்குப் பொருத்துவது சரியா என்பது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அடிக்கடி வரும் கேள்வி. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் டிஎல்க்யூஐயை இங்கேதான் இழுக்க வேண்டும்: 10 கேள்விகள், கடந்த ஒரு வாரத்தைப் பற்றி, மொத்தம் 30, 10-க்கு மேல் போனால் பாதிப்பு மிக அதிகம். நோயாளி உணரக்கூடிய மாற்றத்துக்கு 4 புள்ளியாவது குறைய வேண்டும் என்பது வழக்கு.

எக்ஸிமாவுக்கு வரும் ஈஸி ஸ்கோரும் உச்சம் 72 என்பதால் குழப்பிக்கொள்வார்கள். அதில் கடுமை 0 முதல் 3 வரைதான், அம்சங்கள் நான்கு: சிவப்பு, வீக்கம், சொறிந்த காயம், தோல் தடித்துப்போதல். 8 வயதுக்குக் கீழ் தலைக்கு எடை 0.2, கால்களுக்கு 0.3 என்று மாறும். வறட்சியும் அரிப்பும் ஈஸியில் இல்லை, எக்ஸிமாவுக்கே உள்ள இன்னொரு ஸ்கோரான ஸ்கோராடில் உண்டு. இந்த ஒரு வேறுபாடு மனதில் இருந்தால் போதும்.

அடுத்தது பூச்சு மருந்து டிரையல்கள். ஒப்பீட்டுக்கு வைக்கும் கன்ட்ரோல் பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு, அதாவது வெஹிக்கிள் கொடுத்தால் அதைச் சர்க்கரை மாத்திரைபோல நினைக்கக் கூடாது. களிம்பே ஈரப்பதத்தைக் காக்கும், அரிப்பைக் குறைக்கும். நோய் உச்சத்தில் இருக்கும்போது சேர்க்கப்பட்டவர்கள் தாமாகவே கொஞ்சம் இறங்கவும் செய்வார்கள். எனவே கன்ட்ரோல் பிரிவு நன்றாகத் தேறியிருந்தால் அது டிரையலின் குறையல்ல. மருந்தின் பங்கு இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே.

எவ்வளவு பூசினார்கள் என்று கணக்குப் போடுங்கள், இதை எழுதுபவர் குறைவு. 5 மிமீ வாய் உள்ள டியூபிலிருந்து பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் 0.5 கிராம், இந்த ஓர் அளவு இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஒரு கைக்கு 3, அதன் மணிக்கட்டுக்குக் கீழுள்ள பகுதிக்கு 1, ஆக 4 அளவு. இரு கைக்கும் 8 அளவு, 4 கிராம். தினம் இரண்டு வேளை என்றால் 8 கிராம், 14 நாளுக்கு 112 கிராம். இரு கையும் முழுக்கப் பாதித்தவருக்கு இரண்டு வாரத்துக்கு 30 கிராம் டியூப் ஒன்றே கொடுத்த ஆய்வில் ‘மருந்து பயனற்றது’ என்று முடித்திருந்தால், தோற்றது மருந்தா அளவா? திரும்பி வந்த டியூபை எடை போட்டார்களா என்றும் பாருங்கள்.

ஒரே ஆளின் இடப்பக்கம் ஒரு மருந்து, வலப்பக்கம் இன்னொன்று என்ற அமைப்பு தீசிஸ்களில் பிரபலம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ஒழிவதால் குறைந்த எண்ணிக்கையிலேயே முடிக்கலாம். ஆனால் தூக்கத்தில் மருந்து மறுபக்கம் ஒட்டும். ரத்தத்தில் கலக்கும் மருந்து என்றால் ஒப்பீடே பாழ். 30 பேரின் 60 பக்கங்களை 60 பேராக எண்ணி, தனித்தனி ஆட்களுக்கான சாதாரண கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனையைப் போடுவது நிச்சயமாக மாட்டிக்கொள்ளும் தவறு. இது ஜோடித் தரவு. ஆம்-இல்லை விளைவுக்கு, ஜோடித் தரவுக்கென்றே உள்ள மெக்நிமார் சோதனை.

பாதியில் விலகியவர்களை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதில்தான் முடிவே புரளும். பிரிவுக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். மருந்துப் பிரிவில் 20 பேர் விலகி, மிஞ்சிய 80-இல் 60 பேர் தேறினார்கள்: 75 சதவீதம். கன்ட்ரோலில் 10 பேர் விலகி, 90-இல் 54 பேர்: 60 சதவீதம். வித்தியாசம் 15. விலகியவர்களைத் தேறாதவர்களாகவே வைத்தால் 60-க்கு எதிர் 54, வித்தியாசம் 6. கூடுதலாக ஒருவர் தேற 7 பேருக்குக் கொடுத்தால் போதும் என்றது 17 பேராகிவிட்டது. எரிச்சல் தாங்காமல் விலகுவது பூச்சு மருந்தில் சகஜம் என்பதால், இந்தக் கணக்கைப் பதிலில் போட்டே காட்டுங்கள்.

புது மருந்து பழையதைவிட ஒரு வரம்புக்கு மேல் மோசமல்ல என்று காட்ட முயலும் ‘குறைந்ததல்ல’ வகை டிரையலுக்கு, தோலில் பெரிய கொப்புளங்கள் வரும் புல்லஸ் பெம்பிகாய்டு நோயில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டோடு ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டின் பிளிஸ்டர் டிரையலை எடுத்துப் படியுங்கள். 6 வாரத்தில் கொப்புளம் கட்டுப்பட்டவர்கள் டாக்ஸிசைக்ளினில் 74, பிரெட்னிசலோனில் 91 சதவீதம். பார்த்தால் தோல்விபோல் இருக்கும். ஆனால் 37 புள்ளி வரை பின்தங்கினாலும் ஏற்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைத்திருந்தார்கள். உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் நம்பக இடைவெளியின் மேல்முனை 26.1-இல் நின்றது. ஓராண்டில் மருந்தால் வந்த கடும் பக்கவிளைவுகள் டாக்ஸிசைக்ளினில் 18, பிரெட்னிசலோனில் 36 சதவீதம். அவ்வளவு தளர்வான வரம்பு நியாயமா என்பதுதான் கேள்வி. வயதானவர்களுக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு தரும் ஆபத்தை நிறுத்துப் பார்த்தால் நியாயம் என்பது எங்கள் கட்சி. மறுத்தும் எழுதலாம், காரணம் இருந்தால் சரி.

தீசிஸ் வைவாவில் சாம்பிள் சைஸ் சூத்திரத்தைச் சொல்லச் சொல்வார்கள். 60-க்கு எதிர் 40 சதவீதம் எதிர்பார்ப்பு, ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை உண்டு என்றுவிடும் வாய்ப்பு) 0.05, பவர் (உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம்: 7.84 × (0.24 + 0.24) ÷ 0.04 = 94.08, பிரிவுக்கு 95 பேர். இதில் 7.84 ஆல்ஃபா, பவரிலிருந்து வருவது, 0.24 என்பது 0.6 × 0.4, 0.04 என்பது வித்தியாசம் 0.2-இன் வர்க்கம். 15 சதவீதம் விலகுவார்கள் என்றால் 95-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 112. 95-இல் 15 சதவீதத்தைக் கூட்டி 110 என்பவர்கள், விலகிய பின் 93 பேர்தான் மிஞ்சுவார்கள் என்பதை அங்கேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 60-உம் 40-உம் எந்த முந்தைய ஆய்விலிருந்து வந்தன என்பது அடுத்த கேள்வி. அந்தக் கட்டுரையின் அட்டவணையைப் பிரதியெடுத்து தீசிஸுக்குள்ளேயே செருகி வையுங்கள்.