தெரியாததை எழுதக் கற்றுக்கொண்டேன்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினான்கு பேர். மோட்டார்களின் அதிர்வை அளக்கும் சென்சார் செய்வதுதான் தொழில். பேரிங் தேய ஆரம்பித்தால் அதிர்வு மாறும். முன்கூட்டியே பிடித்துவிட்டால் இயந்திரம் பாதியில் நிற்காது. பேட்டரிதான் தீராத தலைவலி. கைக்கு எட்டாத இடத்தில் சென்சாரைப் பொருத்திவிட்டு, பேட்டரி தீரும்போதெல்லாம் ஏணி போட்டு ஏற வேண்டும். மோட்டாரின் அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கையில் காசில்லை. அரசின் ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார் முதலாளி. கொஞ்சம் எழுத வரும் என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் விண்ணப்பத்தை விளம்பர நோட்டீஸ் மாதிரி எழுதியிருந்தேன். நிச்சயம் வேலை செய்யும், பதினெட்டே மாதத்தில் சந்தைக்கு வந்துவிடும், இப்படி. நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர் எழுதியிருந்தது ஒரே வரி: நிச்சயம் வேலை செய்யும் என்றால் இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? இரண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று உறைத்தது.

எதை ஆராய்ச்சி என்று கணக்கில் எடுப்பது என்பதற்குப் பல நாட்டு அரசுகள் ஃப்ரஸ்காட்டி கையேட்டைத்தான் பார்க்கின்றன. 1963இல் இத்தாலியின் ஃப்ரஸ்காட்டி ஊரில் நிபுணர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி வெளியிடுகிறது. அதன் 2015 பதிப்பு ஐந்து விஷயம் கேட்கிறது. வேலை புதிதாக இருக்க வேண்டும், சொந்த யோசனையிலிருந்து வர வேண்டும், முடிவு முன்பே தெரிந்திருக்கக் கூடாது, திட்டமிட்டு நடக்க வேண்டும், கற்றதை மற்றவர்களும் எடுத்துச் செய்ய முடிய வேண்டும். மூன்றாவதைத்தான் நான் மெனக்கெட்டு மறைத்திருந்தேன்.

கடைசியாகச் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஒருவர் செலவழித்துக் கண்டுபிடித்ததைப் பக்கத்துக் கம்பெனிக்காரர் பார்த்துக் கற்றுக்கொள்வார். பலன் முழுவதும் செலவழித்தவர் பைக்கு வராது. அதனால் கம்பெனிகள் ஆராய்ச்சியில் வேண்டிய அளவுக்குப் பணம் போடாது என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஏரோ 1962இலேயே எழுதினார். அந்தக் குறையை நிரப்பத்தான் அரசின் பணம்.

இரண்டாவது முறை, எங்களுக்குத் தெரியாதவற்றை எழுதவே இரண்டு பக்கம் ஆனது. பிறகு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன்: மானியம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? எப்படியும் செய்வோம் என்றால் பணம் எதற்கு என்பார்கள். கைவிட்டுவிடுவோம் என்றால் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா என்பார்கள். முதலாளியிடம் போய் நின்றேன். "உள்ளதை எழுதுங்க," என்றார். சனி, ஞாயிறுகளில் ஒரு அரைகுறை மாதிரி செய்து பார்ப்போம், சரிவரவில்லை என்றால் விட்டுவிடுவோம் என்று எழுதினேன். கிடைத்தது.

கிடைத்தது என்றால் காசோலை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் நாம் செலவழிக்க வேண்டும். பில்லும் டைம்ஷீட்டும் காட்டிய பிறகுதான் அவர்கள் பங்கு வரும். அதுவரை சம்பளத்தை முதலாளி ஓவர்டிராஃப்டில் சமாளித்தார். வரிச்சலுகை வாங்கலாமே என்பார்கள். லாபமே இல்லாத கம்பெனிக்கு வரியில் எதைக் கழிப்பது? ரொக்கமாகத் திருப்பித் தரும் திட்டமாக இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன். 1982இல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தொடங்கிய சிறுதொழில் ஆராய்ச்சித் திட்டத்தின் முறை எனக்குப் பிடிக்கும். முதல் கட்டத்தில், நடக்குமா என்று பார்க்க மட்டும் சின்னத் தொகை. தேறினால் அடுத்த கட்டத்தில் பெரிய தொகை. சந்தைக்குக் கொண்டுபோக அந்தத் திட்டத்தின் பணம் கிடையாது.

எங்கள் கருவி மேசை மேல் அருமையாக ஓடியது. வளைந்தால் மின்சாரம் தரும் மெல்லிய பீசோ பட்டை, நுனியில் சின்ன எடை. நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும் மோட்டாரின் அதிர்வுக்கு, அதாவது நொடிக்கு 25க்குக் கொஞ்சம் குறைவாக, எடையை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தோம். எல்இடி எரிந்தது, எல்லோரும் கைதட்டினோம். நிஜத் தொழிற்சாலையில் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டிருந்தார்கள். வேகம் கொஞ்சம் இறங்கியதுமே பட்டை அசையக்கூட இல்லை. ஒரே வேகத்துக்கு இசைத்த பட்டை வேறு வேகத்தில் மின்சாரம் தராது என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பட்டைகளைக் கூட்டிப் பார்த்தோம், காந்தம் வைத்துப் பார்த்தோம். தேறவில்லை.

இறுதி அறிக்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: காப்புரிமை, சந்தைக்கு வந்த பொருள், புதிய வேலைவாய்ப்பு. நிச்சயமில்லாததைச் செய்யத்தான் பணம் தந்தார்கள். நடக்கவில்லை என்று எழுத ஒரு கட்டம் இல்லை. மூன்றிலும் 0 போட்டுவிட்டு, எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் கிடைத்தது என்ற வரைபடங்களைப் பின்னிணைப்பாக வைத்தேன்.

கிடைக்கிற துளி மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பதற்காக, பெரும்பாலான நேரம் தூங்கி, தேவைப்படும்போது மட்டும் விழித்து அளக்கும் ஃபர்ம்வேர், அதாவது சென்சாருக்குள்ளேயே ஓடும் மென்பொருள், ஒன்று எழுதியிருந்தோம். இரண்டு வருஷம் கழித்து அதைச் சாதாரண பேட்டரி சென்சாரில் போட்டுப் பார்த்தார் ஒரு ஜூனியர். பேட்டரி மூன்று மடங்கு காலம் வந்தது. இப்போது நாங்கள் விற்பது அதைத்தான். மானிய அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம் என்று உள்நுழைந்தேன். திட்டக் கோப்பு மூடப்பட்டது, திருத்த இயலாது என்று வந்தது.