கீவளூர்ச் சாலையில் ஒரு கொப்புளம்

ஆவணி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில் பயணம் செய்தவர்கள், காவி உடுத்தி, கழுத்தில் செபமாலை அணிந்து, மாதா சுரூபம் வைத்த சிறு சப்பரத்தை இழுத்துக்கொண்டு "மரியே வாழ்க" என்று குரல் கொடுத்தபடி சாரை சாரையாக நடக்கும் வேளாங்கண்ணிப் பாதயாத்திரிகர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆகஸ்டு 29 மாலை கொடியேறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. 11 ஆண்டுகளாக நான் அவர்களைச் சாலையோரத்தில் நின்றே பார்த்து வந்தேன். எங்கள் பங்குக் கோவிலின் நீர்மோர்ப் பந்தலில் தவலைக்கும் டம்ளருக்கும் நடுவே நிற்பது என் வேலை. கடந்த ஆண்டு முதன்முறையாக நானும் நடந்தேன்.

ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பகலில் தார்ச்சாலை காலைச் சுடும் என்பதால், பெரும்பாலும் மாலையில் கிளம்பி நள்ளிரவு தாண்டும் வரை நடப்பதும், வெயில் ஏறியபின் பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோவில் மண்டபத்திலோ படுத்துக்கொள்வதும் வழக்கம். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று ஊர்கள் கடந்தன. வழியெங்கும் பந்தல்கள். சிலவற்றில் மாதா படத்தைவிட உபயதாரர் படம் பெரிதாக இருந்ததையும், குடித்துப் போட்ட பிளாஸ்டிக் குவளைகள் வாய்க்கால் வரை சிதறிக் கிடந்ததையும் சொல்லாமல் விட மனமில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்று ஆண்டவர் சொன்ன இடத்தை விளம்பரப் பலகை அச்சடிப்பவர் படித்திருக்கவில்லை போலும்.

திருவாரூரைத் தாண்டியபோது என் வலது குதிகாலில் பெரிய கொப்புளம் கிளம்பியிருந்தது. நடைக்கென்று புதுச்செருப்பு வாங்கிய புத்திசாலித்தனத்தின் பலன் அது. கீவளூருக்குச் சற்று முன்னால், தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்றில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கால்களைத் தம் மடியில் வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. நான் நொண்டுவதைக் கண்டு, "தம்பி, காலைக் காட்டுங்க" என்றார்.

"பரவாயில்லைங்க, சின்னப் புண்தான், நானே பார்த்துக்கிறேன்" என்று நகர்ந்தேன். கூச்சம் மட்டும் காரணமல்ல என்று இப்போது தெரிகிறது. புனித வின்சென்ட் தே பவுல் சபையில் நான் நெடுநாள் உறுப்பினன். 1833-இல் பாரீசு நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தம் தோழர்களோடு தொடங்கிய அந்தச் சபையின் உயிர்நாடியே ஏழைகளின் வீடு தேடிப் போவதுதான். வாரந்தோறும் அரிசிப்பையும் மருந்துச்சீட்டுமாகப் போகிறவன், யாரோ ஒருவர் மடியில் புழுதிக்காலை நீட்டுவதா? எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியே இருக்கும் பாட்டி ஒருவர், ஒவ்வொரு முறையும் "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போப்பா" என்பார். "உங்களுக்கு எதுக்குப் பாட்டி சிரமம்" என்று வாசலிலேயே மறுத்துவிட்டு வந்ததைப் பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தேன்.

பத்தடி போவதற்குள் வலி என்னைத் திருப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெதுவெதுப்பான உப்புநீரில் காலைக் கழுவி, துவாலையால் ஒற்றி, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிய ஊசியில் வெள்ளை நூல் கோத்துக் கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். ஊசியைக் கழற்றிவிட்டு நூலை மட்டும் உள்ளேயே விட்டார். நூல் வழியே நீர் கசிந்து துணியில் இறங்கியது. "தோலை மட்டும் உரிச்சிடாதீங்க, அப்புறம் நடக்க முடியாது" என்று சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டு, அடுத்தவரின் காலுக்குக் கை நீட்டினார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பெரிய வியாழன் வழிபாட்டில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், குருவானவர் பன்னிருவர் காலைக் கழுவுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கழுவுகிறவரின் தாழ்மையைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். "நீர் என் காலடிகளைக் கழுவ விடவே மாட்டேன்" என்று சீடர் பேதுரு முரண்டு பிடித்ததும், அப்படியானால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று இயேசு கண்டிப்பாகச் சொன்னதும் அன்றிரவு சிக்கல் என்ற ஊரைக் கடக்கும்வரை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் வேளாங்கண்ணி. பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையிலான மணற்பாதையில் சிலர் முழந்தாளில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். 1962-இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட இந்தக் கோவிலின் கதை, மரபு சொல்வதன்படி, இந்தக் குளக்கரையில் தொடங்குகிறது. நாகப்பட்டினத்து எசமானுக்குப் பால் கொண்டுபோன சிறுவனிடம், கையில் குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி பால் கேட்டாள். பால் அவனுடையதல்ல, குறைந்தால் அடி விழும். ஆனாலும் கொடுத்தான்; குறைந்த பால் பொங்கி நிறைந்தது. பிறகு நடுத்திட்டு என்ற இடத்தில், நடக்க முடியாத கைம்பெண் மகன் ஒருவனிடம் அதே தாய் மோர் கேட்டாள். அவனுக்குக் கால் கிடைத்தது. பால் பொங்கியதையும் கால் எழுந்ததையும் அற்புதமென்று கொண்டாடுகிற நாம், இரண்டு முறையும் அவள் கேட்கிறவளாக வந்தாள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. யாக்கோபின் கிணற்றோரம் சமாரியப் பெண்ணிடம் மாதாவின் மகன் இயேசுவும் முதலில் தண்ணீர்தான் கேட்டார். கொடுக்க ஒன்றுமில்லாதவர் என்று ஊரார் ஒதுக்கியவர்களிடம் கை நீட்டிக் கேட்டு, கொடுப்பவர் என்ற மரியாதையை அவர்களுக்குத் தந்ததும் சேவைதான் என்றே எனக்குப் படுகிறது. 11 ஆண்டுகள் மோர் ஊற்றியவனுக்கு அது உறைக்க ஒரு கொப்புளம் தேவைப்பட்டது.

ஊர் திரும்பிய ஞாயிறன்று, அரிசிப்பையோடு பாட்டி வீட்டுக்குப் போனேன். நூல் இன்னும் குதிகாலில் இருந்தது. வழக்கம்போல் காப்பி என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து தனியே எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை இறக்கி, முந்தானையால் துடைத்தார். வரக்காப்பியில் சர்க்கரை தாராளமாகவே இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். டம்ளரை நீட்டினேன்.